கருவிப் பெட்டி: காட்டுக்கத்தி கேட்டவர்களுக்கு

சென்ற இதழில் மண்வெட்டிக்குப் பிடி மாற்றுவது பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் கத்தி பற்றியவை. எல்லாம் ஒரே விஷயத்தைச் சுற்றி வருவதால் இந்த முறை பக்கம் முழுவதையும் கத்திக்கே விட்டிருக்கிறேன். உலோக வேலை படிப்பித்த 31 வருஷத்தில் கையில் பிடித்த கத்திகளும், அதற்கு முன்னால் மாமாவின் கம்மாலையில் துருத்தி இழுத்த நாட்களும்தான் என் பதில்களுக்கு ஆதாரம்.

கேள்வி: ஐயா, விடுமுறைக்கு நண்பர்கள் நாலு பேருடன் குடும்பிமலைப் பக்கம் கூடாரம் அடித்துத் தங்கப் போகிறோம். இணையக் கடையில் 'சர்வைவல் நைஃப்' என்று ஒரு பெரிய கத்தி பார்த்தேன். முதுகில் வாள்பல் இருக்கிறது. பிடி குழாய் மாதிரி. அதற்குள் தூண்டிலும் தீக்குச்சியும், மூடியில் திசைகாட்டி. வாங்கலாமா? (களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: வேண்டாம் தம்பி. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், காரணம் உங்களுக்கே விளங்கும்.

1984இல் எனக்கு 18 வயது. உன்னிச்சைக்கு அப்பால் எங்களுக்கு மாட்டுப் பட்டி இருந்தது. சவூதியிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் நீங்கள் எழுதியதைப் போலவே ஒரு கத்தியைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். குழாய்ப் பிடி, வாள்பல், திசைகாட்டி எல்லாம் இருந்தன. இரண்டு நாள் அதை இடுப்பிலிருந்து கழற்றவேயில்லை. மூன்றாம் நாள் பட்டியில் காவல் கொட்டிலுக்குக் கப்பு வெட்டவேண்டி, காய்ந்து விழுந்து கிடந்த வீரைக் கிளை ஒன்றில் அதைப் போட்டேன். மச்சான் குனிந்து கிளையின் மறு நுனியைப் பிடித்திருந்தான். ஒரு பத்துப் பதினைந்து வெட்டு இருக்கும். அடுத்த வெட்டில் கை திடீரென்று இலேசாகிவிட்டது. பிடி மட்டும்தான் என்னிடம் இருந்தது. அலகு சுழன்றுகொண்டு போய் மச்சானின் குதிக்காலுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணில் குத்தி நின்றது. அவன் நிமிர்ந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டான். அன்று முழுக்க எங்கள் இருவருக்கும் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த இரண்டு துண்டையும் மாமாவிடம் கொண்டு போனேன். அவர் உடைந்த முகத்தை வெயிலில் திருப்பிக் காட்டினார். குழாய்க்குள் போன பகுதி என் சுண்டுவிரல் நகத்தளவு கட்டை. அதைச் சுற்றி ஒரு மெல்லிய வெல்டிங். உடைந்த முகத்தில் பாதி வெள்ளிபோலப் பளபளத்தது. மறுபாதி கறுத்து, ஓரத்தில் துருவேறிக் கிடந்தது. "பளிச்செண்டு இருக்கிறது இண்டைக்கு உடைஞ்சது. கறுப்பு முந்தியே விட்டுப்போனது. உன்ர கைக்கு வரக்கொள்ளயே இது பாதி உடைஞ்ச கத்திதான் மனே" என்றார். பிறகு நான் வகுப்பில் உடைந்த இரும்பைப் பற்றிப் படிப்பிக்கும்போதெல்லாம் முதலில் காட்டியது அந்தக் கட்டையைத்தான்.

பெரிய கத்தியால் வெட்டும்போது மரத்தில் படுகிற இடம் பிடியிலிருந்து ஏழெட்டு அங்குலம் தள்ளி இருக்கும். அந்த அடியின் நெம்பு முழுவதும் அலகும் பிடியும் சேரும் இடத்தில் வந்து விழுகிறது. அங்கே இரும்பு தொடர்ச்சியாக இருக்க வேண்டும். அலகின் அதே தகடு பிடியின் கடைசி வரை போய், இரு பக்கமும் மரமோ கனத்த பிளாஸ்டிக்கோ வைத்து ஆணி அறைந்திருந்தால் மிக நல்லது. பிடிக்குள் நீளமான வால் இறங்கி, கடைசியில் அடித்து மடக்கியிருந்தாலும் சரி. குழாய்ப் பிடியில் இந்த இரண்டும் இல்லை. தூண்டிலையும் தீக்குச்சியையும் ஒரு சின்னத் தகர டப்பாவில் போட்டு சட்டைப்பையில் வையுங்கள். அவற்றுக்காகப் பிடியைக் குடைய வேண்டியதில்லை.

வாள்பல்லுக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்க விமானப் படையினருக்குக் கொடுக்கப்பட்ட 5 அங்குலக் கத்தியின் முதுகில் இப்படிப் பல் இருந்தது. விழுந்த விமானத்துக்குள் அகப்பட்டவர் அதன் மெல்லிய அலுமினியத் தோலைக் கிழித்து வெளியே வரத்தான் அது. மரம் அறுக்க வைத்தது அல்ல. உங்கள் வீட்டில் இருக்கும் கைவாளை எடுத்துப் பாருங்கள், பற்கள் ஒன்று விட்டு ஒன்று இடமும் வலமுமாக வளைந்திருக்கும். அதனால்தான் வெட்டுத் தடம் தகட்டைவிட அகலமாகி வாள் இறுகாமல் ஓடுகிறது. கத்தி முதுகில் வெட்டிய பல் நேராக நிற்கும். ஒரு விரல் ஆழம் போனதும் பிடித்துக்கொள்ளும். போதாததற்கு, விறகு பிளக்க முதுகில் தடியால் தட்டினால் பல் தடியைத் தின்னும். விரிசல் தொடங்குவதும் அந்தப் பல்லின் அடிப் பள்ளத்தில்தான்.

சரி, எதை வாங்கலாம்? அலகு மட்டும் 8 முதல் 10 அங்குலம் இருக்கட்டும். கடைக்காரர்கள் பிடியையும் சேர்த்து 14, 15 என்று சொல்வார்கள், அலகை மட்டும் அளந்து கேளுங்கள். அமெரிக்க மரைன் படையினருக்கு 1942 முதல் கொடுக்கப்பட்ட கா-பார் கத்திக்கே அலகு 7 அங்குலம்தான். முதுகு 5 மில்லிமீற்றர் தடிப்பு போதும். மொத்தப் பாரம் அரைக் கிலோவைச் சுற்றி. அதற்கு மேல் போனால் காலையில் வெட்டுவீர்கள், பின்னேரம் கை சொல்வதைக் கேட்காது. ஒரு விரலின் மேல் கத்தியைக் கிடத்திப் பாருங்கள். பிடி முடிந்து ஒன்றிரண்டு அங்குலம் அலகுப் பக்கம் தள்ளிச் சமநிலை கிடைத்தால் வெட்டும்போது பாரம் முன்னால் போய் விழும். பிடிக்குள்ளேயே சமநிலை நிற்கிற கத்தி குத்தவும் சீவவும் நல்லது, வெட்ட ஆகாது.

ஏன் பெரிய கத்தி என்று உங்கள் நண்பர்களில் ஒருவராவது கேட்பார். எங்கள் பக்கத்துக் காட்டில் மாரி மழைக்குள் அகப்பட்டவருக்கு அது தெரியும். மூன்று நாள் நனைந்த விறகுக்கு மண்ணெண்ணெய் ஊற்றினாலும் எண்ணெய்தான் எரியும். கைப்பருமன் கட்டையைப் பிளந்தால் நெஞ்சு காய்ந்திருக்கும். அந்தக் காய்ந்த பகுதியை மெல்லிய சுருளாகச் சீவி, சுருள் விழாமல் குச்சியிலேயே நிற்கும்படி விட்டால் ஒரே தீக்குச்சியில் தீப் பிடிக்கும். பிளப்பதற்குப் பெரிய கத்தி, சீவுவதற்கு நாலு அங்குலத்தில் ஒரு சின்னக் கத்தி. இரண்டையும் கொண்டு போங்கள்.

கேள்வி: துருப்பிடிக்காத எவர்சில்வர் கத்தியா, கறுத்த இரும்புக் கத்தியா நல்லது? நான் வாவியில் தொழில் செய்கிறேன். (நாவற்குடாவிலிருந்து)

பதில்: தோணிக்கு எவர்சில்வர். உப்புத் தண்ணீரில் மற்றது ஒரே இரவில் சிவக்கும். கயிறு அறுக்க, மீன் வெட்ட அது போதும். கட்டை வெட்டவும் பிளக்கவும் என்றால் நீங்கள் சொல்கிற கறுத்த இரும்பு, அதாவது கரி (கார்பன்) சேர்ந்த இரும்புதான். அடியைத் தாங்கும், கையரத்தால் கூராக்கலாம், ஒவ்வொரு முறையும் துடைத்துத் தேங்காயெண்ணெய் பூசினால் துருவும் அண்டாது. மலிவான எவர்சில்வர்ப் பெரிய கத்திகளில் கரி குறைவு. இருபது வெட்டில் வாய், அதாவது கூர் விளிம்பு, படுத்துவிடும். என்ன வகை என்று எழுதாமல் 'ஸ்டெயின்லெஸ்' என்று மட்டும் பொறித்திருந்தால் அதை வெட்டு வேலைக்கு எடுக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர்க் கொல்லர் லொறி வில்லுத் தகட்டில் காட்டுக்கத்தி அடித்துத் தருகிறேன் என்கிறார். அவரிடம் என்ன சொல்ல வேண்டும்? அடித்து முடிந்த பிறகு அது நல்ல கத்தி என்று எப்படித் தெரிந்துகொள்வது? (அக்கரைப்பற்றிலிருந்து ஒரு விவசாயி)

பதில்: இந்தக் கடிதத்துக்காகத்தான் பக்கத்தை ஒதுக்கினேன் அண்ணே. நீங்கள் கேட்டிருக்கும் கத்திக்கு இணையத்தில் விற்கிற பத்தில் ஒன்பது ஈடாகாது, கொல்லர் தோய்ச்சலை, அதாவது சூடான அலகைச் சட்டென்று ஆற்றி உறுதியாக்குவதை, சரியாகச் செய்தால்.

வில்லுத் தகடு நல்ல இரும்பு. 100 பங்கில் அரைப் பங்குக்குச் சற்று மேல் கரி, கொஞ்சம் மங்கனீசும் குரோமியமும். ஜப்பான் லொறிகளின் வில்லுக்கு எஸ்யூபி 9 என்று பெயர். அதற்கு நெருங்கியதை அமெரிக்காவில் 5160 என்பார்கள். அடி வாங்கி வளைந்து, மறுபடி பழைய நிலைக்குத் திரும்பவென்றே பிறந்த இரும்பு அது. ஆனால் பழைய வில்லுக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம், பத்து வருஷம் பள்ளத்திலும் மேட்டிலும் குலுங்கியது அல்லவா. உடைந்த வில்லை எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். நடுவில் போல்ட் போட்ட துளையின் பக்கத்தையும் விட்டுவிட வேண்டும். பிறகு நீங்களே இதைச் செய்யலாம்: தகட்டை நன்றாகச் சுரண்டி மண்ணெண்ணெய் பூசி அரை மணித்தியாலம் வைத்து, ஒரு சொட்டும் இல்லாமல் துடைத்து, மேலே சோக்குத் தூளைத் தடவுங்கள். வெடிப்பு இருந்தால் அதற்குள் போன எண்ணெய் கசிந்து, வெள்ளைத் தூளில் தலைமயிர் மாதிரி ஒரு கறுத்த கோடு வரும். கோடு வந்தால் அந்தத் தகட்டுக்கு மண்வெட்டி ஆப்பாகத்தான் வேலை.

அடிக்கிற வேலையில் நான் புத்தி சொல்ல மாட்டேன், கொல்லருக்குத் தெரியும். தோய்ச்சலில் மட்டும் பக்கத்தில் நில்லுங்கள். தண்ணீர்த் தோய்ச்சல் நம் ஊரில் பழக்கம். உளிக்கும் சாதாரண இரும்புக்கும் அது சரிவரும், வில்லுத் தகட்டை அது வெடிக்க வைக்கும். எண்ணெய் கேளுங்கள். ஒரு வாளித் தேங்காயெண்ணெய், கை பொறுக்காத அளவுக்குச் சூடாக்கியது. அலகு செந்நிறமாகும்போது ஒரு காந்தத்தைக் குறட்டில் பிடித்து அலகில் தொட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 770 பாகை செல்சியசில் இரும்பைக் காந்தம் இழுக்காது. அந்த இடத்திலிருந்து இன்னும் ஒரு நிறம் பிரகாசமாக விட்டு, நேராக, ஆட்டாமல் எண்ணெயில் இறக்க வேண்டும். எண்ணெய் தீப்பிடிக்கும், பக்கத்தில் வாளியை மூட ஒரு தகரம் இருக்கட்டும். தண்ணீர் ஊற்றக்கூடாது.

எண்ணெயிலிருந்து எடுத்த அலகு கண்ணாடிக்குச் சமம். கீழே விழுந்தாலே ஒடியும். பலர் இங்கேதான் நிறுத்திவிடுகிறார்கள். இனித்தான் அதன் விறைப்பை இறக்க வேண்டும். ஒரு பக்கத்தை மணல்தாளால் வெள்ளையாகத் தேய்த்துவிட்டு முதுகுப் பக்கமிருந்து மெதுவாகச் சூடு காட்டினால் நிறங்கள் நடந்து வரும். முதலில் வைக்கோல் நிறம், அது 220, 230 பாகை. பிறகு பழுப்பு, 260க்கு அருகில். பிறகு ஊதா. பிறகு நீலம், 300ஐ ஒட்டி. முதுகில் நீலம், வாயில் வைக்கோலைத் தாண்டிப் பழுப்பு தொடங்கும் இடம், அங்கே நிறுத்தினால் வெட்டுக்கத்திக்குப் பொருத்தம். நிறம் வாயைத் தாண்டி நீலமாகிவிட்டால் அலகு மெதுவாகிவிட்டது, மறுபடி முதலிலிருந்து தோய்க்க வேண்டும். எனக்குக் கண் மங்கத் தொடங்கிய பிறகு வேறு வழி பிடித்தேன். எங்கள் தெருவில் பேக்கரி இருந்தது. பாண் சுடுகிற அடுப்பு 200க்கும் 230க்கும் இடையில் நிற்கும். கேட்டு வாங்கி, பாண் வேலை முடிந்த பிறகு இரண்டு மணித்தியாலம் வைத்து எடுத்து ஆற விட்டு, அடுத்த நாள் மறுபடி இரண்டு மணித்தியாலம். ஒரே சீராக வைக்கோல் நிறம் பிடித்து வரும். அந்தப் பேக்கரிக்காரருக்கு நான் இன்றும் கடன்பட்டவன்.

இனிச் சோதனை. கத்தி கைக்கு வந்த அன்றே வளவுக்குள் வைத்துச் செய்யுங்கள். காட்டுக்குள் போய்ச் செய்தால் நான் 1984இல் செய்ததுதான்.

முதலில் வாயின் பக்கமாகக் கண்ணை வைத்து முதுகு நேராக ஓடுகிறதா என்று பாருங்கள். பிறகு பிடியை இரண்டு விரலால் தொங்கவிட்டு அலகை ஒரு ஆணியால் தட்டுங்கள். மணி மாதிரி இழுத்து ஒலித்தால் நல்லது. 'டக்' என்று செத்த சத்தம் வந்தால் எங்கோ வெடிப்பு இருக்கிறது, அல்லது பிடி ஆடுகிறது. அடுத்தது புது அரம். வாயின் ஓரத்தில் பாரம் கொடுக்காமல் அரத்தை இழுத்தால் அது ஓரளவு வழுக்க வேண்டும், இலேசாகத்தான் கடிக்க வேண்டும். வெண்ணெய் மாதிரிக் கடித்தால் தோய்ச்சல் ஏறவில்லை. கொஞ்சமும் கடிக்காமல் கண்ணாடியில் ஓடுவதுபோல வழுக்கினால் விறைப்பு இறக்கப்படவில்லை, அந்தக் கத்தியை மரத்தில் போடாதீர்கள், கொல்லரிடம் திருப்பிக் கொடுங்கள்.

நான் ஒருபோதும் விடாத சோதனை பித்தளைக் கம்பி. 6 மில்லிமீற்றர் தடிப்புள்ள கம்பியை மேசையில் கிடத்தி, கூராக்கிய வாயைக் கூராக்கும் அதே சரிவில் அதன் மேல் வைத்து, விளக்குக்கு நேராகப் பிடித்து மெல்ல அழுத்துங்கள். வாயின் ஓரம் கம்பியின் மேல் ஒரு சின்ன அலையாகப் புடைப்பது விளக்கு வெளிச்சத்தில் தெரியும். தள்ளி வைத்ததும் அந்த அலை இல்லாமல் போக வேண்டும். போகாமல் வளைந்தே நின்றால் மெது. பல்லுப் பல்லாக உதிர்ந்தால் விறைப்பு. வாயின் அடியிலிருந்து முனை வரை ஒவ்வொரு அங்குலமாக இப்படிப் போங்கள். கொல்லரின் உலையில் ஒரு பக்கம் சூடு கூடி மறுபக்கம் குறைந்திருந்தால் இங்கே பிடிபடும். ஒருமுறை நானே தோய்த்த கத்தியில் முனையிலிருந்து இரண்டு அங்குலம் மட்டும் உதிர்ந்தது. முனை மெல்லியது, அடுப்பில் முந்திச் சூடேறிவிட்டது. அன்றிலிருந்து முனையை உலையின் நடுவுக்கு விடுவதில்லை.

அதன் பிறகுதான் வெட்டு. காணொளிகளில் வாழையை ஒரே வெட்டில் சாய்த்துக் காட்டுகிறார்கள். வாழையைச் சவர அலகாலும் வெட்டலாம், முருங்கையும் அப்படித்தான். உங்களிடம் இருக்கும் மிகக் கடுமையான காய்ந்த மரத்தை எடுங்கள், பாலைக் கட்டையோ புளியங்கட்டையோ, கைமணிக்கட்டுப் பருமன். கணக்கு வைத்து 100 வெட்டு. கணுவிலும் நாலைந்து போடுங்கள். பிறகு வாயை வெளிச்சத்தில் பாருங்கள். கூரான வாய் வெளிச்சத்தைத் திருப்பித் தராது. மழுங்கிய இடம், மடங்கிய இடம் ஒரு வெள்ளைப் புள்ளியாக மின்னும். ஒன்றிரண்டு சின்னப் புள்ளி பரவாயில்லை. பத்திரிகைத் தாளை இழுத்து அறுத்துப் பாருங்கள். கிழிக்காமல் அறுத்தால் அந்தக் கொல்லரை விடாதீர்கள். கடைசியாகக் கணுவில்லாத ஒரு கட்டையை நிறுத்தி, வாயை வைத்து முதுகில் தடியால் அடித்துப் பிளந்து, உடனே பிடியை ஆட்டிப் பாருங்கள்.

கத்தியைச் சுவர் இடுக்கில் செருகி வளைத்துக் காட்டுகிற ஆட்களும் உண்டு. அந்த வேலையை நீங்கள் செய்ய வேண்டாம். நல்ல கத்தியும் அப்படியே விட்டுப்போகலாம், ஒடிந்த துண்டு முகத்துக்குத்தான் வரும்.

பிடியைப் பற்றி ஒரு வார்த்தை. வார்னிஷ் பூசி மினுக்கிய பிடியை வேர்வைக் கை பிடிக்காது. காய்ந்த கொய்யாவோ புளியோ நல்லது, வெறுமனே எண்ணெய் ஊறியிருந்தால் போதும். கடைசிப் பக்கம் கொஞ்சம் கொழுத்து வளைந்திருந்தால் கை நழுவாது. அலகை உறைக்குள் வைத்துவிட்டு, கையை நனைத்து, இன்னொருவரை இழுக்கச் சொல்லிப் பாருங்கள். அரை மணித்தியாலம் வெட்டினால் உள்ளங்கையில் எங்கே சிவக்கிறதோ அந்த இடத்தைத்தான் சீவ வேண்டும்.

கேள்வி: அப்பா சென்ற வருடம் காலமானார். அவரின் காட்டுக்கத்தி துருப்பிடித்து, பிடி ஆடியபடி கிடக்கிறது. கிரைண்டரில் கொடுத்துப் புதிதாக்கலாமா? (வாகரையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: கிரைண்டர் வேண்டாம் மகள். அது சுற்றும் வேகத்தில் வாய் சூடேறி நீலமாகும். நான் மேலே சொன்ன அதே நீலம்தான். அந்த இடத்தில் தோய்ச்சல் போய்விட்டது என்று அர்த்தம். கொல்லர் அன்றைக்கு ஏற்றிய உறுதி அரை நிமிஷத்தில் இறங்கிவிடும்.

கத்தியை ஒரு இரவு மண்ணெண்ணெயில் ஊற விடுங்கள். அடுத்த நாள் செங்கல் தூளும் தேங்காய்த் தும்பும் கொண்டு தேயுங்கள். சிவப்பு போய்க் கறுப்பு மிஞ்சும். கறுப்பை விட்டுவிடுங்கள், அது கெடுதல் செய்யாது. பிறகு அரத்தால் வாயைச் சரிசெய்து சாணைக்கல்லில் தீட்டுங்கள். அலகு வாயிலிருந்து முதுகு வரை 4 சென்ரிமீற்றர் அகலம் என்றால், முதுகைக் கல்லிலிருந்து 1.4 சென்ரிமீற்றர் உயர்த்திப் பிடியுங்கள். ஒரு பக்கத்துக்கு 20 பாகை வரும். அந்த உயரத்துக்கு ஒரு மரத்துண்டு சீவிப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் கை பழகும் வரை உதவும்.

ஆடுகிற பிடி என்றால் பெரும்பாலும் உள்ளே போட்ட அரக்கு உதிர்ந்திருக்கும். பிடியைக் கழற்றி, துளையைச் சுரண்டி, அரக்குத் தூளை நிரப்பி, வாலை மட்டும் சூடாக்கி இறக்கினால் அரக்கு உருகிப் பிடித்துக்கொள்ளும். அந்த நேரம் அலகில் ஈரத் துணியைச் சுற்றிவிடுங்கள், சூடு வாய்க்குப் போகாது. மரம் வெடித்திருந்தால் மட்டும் புதுப் பிடி போடுங்கள். வெடிக்கவில்லையென்றால் அதே பிடியை வைத்திருங்கள். அப்பாவின் பெருவிரல் அழுத்தித் தேய்ந்த பள்ளம் அதில் இருக்கும், கையை வைத்துப் பாருங்கள்.

இதைச் சொல்லக் காரணம் உண்டு. 1978 நவம்பர் 23 இரவு சூறாவளி அடித்தபோது எனக்கு 12 வயது. விடிந்து பார்த்தால் வாசலுக்கும் றோட்டுக்கும் நடுவில் வழியே இல்லை, எல்லாம் மட்டையும் கிளையும் கூரைத் தகரமும். அப்பா கோடாலி எடுத்துக்கொண்டார், மாமா தன் காட்டுக்கத்தியை. கோடாலிக்கு நின்று வீச இடம் இல்லாத இடமெல்லாம் அந்தக் கத்திதான் உள்ளே புகுந்தது. மத்தியானத்துக்குள் பக்கத்து வீட்டு ஆச்சியைத் தூக்கி வெளியே கொண்டுவர வழி வந்துவிட்டது. அந்தக் கத்தியின் பிடி இப்போது என் வீட்டில் இருக்கிறது. அலகு தேய்ந்து, மாமியின் தேங்காய் உரிக்கிற வேலைக்குப் போய், பிறகு காணாமல் போய்விட்டது.

கேள்வி: கதிர்காமப் பாதயாத்திரைக்கு எவ்வளவு பெரிய கத்தி கொண்டு போகலாம்? (தம்பிலுவிலிலிருந்து)

பதில்: பெரியது எதுவும் தேவையில்லை. ஒகந்தையில் முருகனைக் கும்பிட்டுவிட்டு உள்ளே இறங்கினால் குமுக்கன் ஆற்றையும் தாண்டி நீங்கள் நடப்பது சரணாலயத்துக்குள். குமண 1970இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. 1937ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டப்படி அதற்குள் மரஞ்செடியை வெட்டுவது குற்றம். யானைக்கோ கரடிக்கோ எதிரே கத்தி உதவாது. கூட்டத்தோடு நடப்பதும், ராவில் தனியே தண்ணிக்குப் போகாமல் இருப்பதும்தான் காவல். நாலு அங்குலக் கத்தி ஒன்று போதும், தேசிக்காய் வெட்டவும் கயிறு அறுக்கவும். பஸ்ஸில் ஒகந்தைக்குப் போகும்போது உறைக்குள் வைத்து, துணி சுற்றி, பையின் அடியில் வையுங்கள். இடுப்பில் கட்ட வேண்டாம்.

கேள்வி: மகனுக்கு 15 வயது. தாத்தாவோடு வயலுக்குப் போய்க் கத்தி பழக வேண்டும் என்கிறான். விடலாமா? (கொக்கட்டிச்சோலையிலிருந்து ஒரு தாய்)

பதில்: விடுங்கள் தங்கச்சி. தாத்தாவோடு என்பதால் தைரியமாக விடலாம். பெரிய கத்தியை முதல் நாளே கொடுக்க வேண்டாம் என்று மட்டும் தாத்தாவிடம் சொல்லுங்கள். முதலில் ஒரு மாதம் தீட்டப் பழகட்டும். தீட்டத் தெரிந்தவன் கூரைத் தொட்டு விளையாட மாட்டான்.

பிறகு வெட்டும்போது முழங்காலில் உட்கார்ந்து வெட்டப் பழக்குங்கள். நின்று வெட்டினால் தவறிய வெட்டு முழங்காலுக்கோ கணைக்காலுக்கோ வரும்; உட்கார்ந்தால் மண்ணில் போய் விழும். வெட்டுகிற மரத்துக்கு அடியில் ஒரு கட்டையை வைத்து அதன் மேல்தான் வெட்ட வேண்டும். வெட்டுகிற மரத்தை இன்னொருவர் கையால் பிடிக்கக்கூடாது, என் மச்சானைப் போல. தொடங்குமுன் கத்தி உறையில் இருக்க, கையை நீட்டி ஒரு சுற்றுச் சுற்றட்டும். அந்த வட்டத்துக்குள் மாடோ ஆளோ வந்தால் கத்தி கீழே. பிடியில் கயிறு கட்டி மணிக்கட்டில் மாட்டுவது சினிமாவில் வடிவாக இருக்கும். நழுவிய கத்தி அந்தக் கயிற்றில் சுற்றி வந்து அதே கையில்தான் விழும், வேண்டாம்.

வெட்டுப்பட்டால் கோப்பித் தூள், மஞ்சள், மண் எதுவும் போடக்கூடாது. சுத்தத் துணியை வைத்துப் பத்து நிமிஷம் விடாமல் அழுத்தி, கையை நெஞ்சுக்கு மேல் உயர்த்திப் பிடியுங்கள். இடையில் திறந்து பார்க்க வேண்டாம். இரத்தம் நிற்காவிட்டால், அல்லது விரல் அசையாவிட்டால் அம்புலன்ஸ் இலக்கமான 1990க்கு அழையுங்கள். வயல் காயம் என்றால் ஏற்பு ஊசி கடைசியாக எப்போது போட்டது என்று ஆசுபத்திரியில் சொல்ல வேண்டிவரும். மகனின் தடுப்பூசி அட்டையை இன்றைக்கே தேடி எடுத்து, தாத்தாவின் பையில் ஒரு பிரதி வைத்துவிடுங்கள்.